லயத்திலே அமைந்த நூதனசாலை

பழம்பொருள்களைத் தொகுத்துக் காட்டும் இடத்தை இலங்கைத் தமிழர் நூதனசாலை என வழங்குவர். நூதனம் என்பது புதுமை. முன்னர்க் காணாதவற்றைக் காணச் செல்லும் இடம் என்னும் கருத்து அப்பெயரிலே அமைந்துள்ளது. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் ஆட்சியில் 1877ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலைக்கு இப்பெயர் சாலப் பொருந்தும். கண்டியரசரின் சிம்மாசனத்தையும் முடியையும் நாடோறும் கண்டு பழகியவர் இன்று எவருமிலர். ஆதலின் அவை காண்போர்க்கு நூதனமே.

மலைநாட்டிலோ இப்பெயர் எளிதிற் பொருந்தாத நூதனசாலை ஒன்று உண்டு. கம்பளையை அடுத்த மலைச்சாரலில், பழைய பீக்கொக் தோட்டத்திலே, தொழிலாளர் வாழ்ந்த லயமொன்றில் அஃது அமைந்துள்ளது. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007ஆம் ஆண்டு அதனை நிறுவியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் என்பது அதன் பெயர். தொழிற்கருவிகள், வீட்டுப் பாத்திரங்கள், அணிகலன்கள், இசைக்கருவிகள், நிழற்படங்கள், பழைய பத்திரங்கள் என்பன அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ செல்லும் தோட்டத்து மூதாட்டி ஒருத்திக்கு அவற்றுட் பெரும்பாலானவை நூதனமல்ல. அவள் தோளிலும் இடையிலும் கையிலும் இருந்தவையே அவை. அங்ஙனமாயின், மக்கள் தம் வீட்டிற் காண்பனவற்றையே நூதனசாலையிலும் வைத்துக் காட்டுவதன் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அந்த லயத்தையும், அதனைச் சூழ்ந்த நாட்டையும், கடல் கடந்த ஒரு நாட்டின் அநுபவத்தையும் நோக்குதல் வேண்டும்.

இடமும் வழியும்

கண்டியிலிருந்து பேராதனை வழியாகத் தெற்கே செல்வோர் முதலில் அடையும் பெருநகர் கம்பளை. 14ஆம் நூற்றாண்டிலே சிங்கள மன்னர் சிலர் இதனைத் தலைநகராகக் கொண்டிருந்தனர். அக்காலத்தில், 1344ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த கடலாதெனிய விகாரையும் லங்காதிலக விகாரையும் இந்நகருக்கும் கண்டிக்கும் இடையே இன்றும் நிற்கின்றன. கடலாதெனிய விகாரையை அமைத்த சிற்பி கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியர். லங்காதிலகப் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. மலைநாட்டிற் தமிழர் கைவண்ணம் காப்பிப் பயிரோடுதான் தொடங்கிற்று என எண்ணுவோர் இவ்விரு கோயில்களையும் கண்டு செல்லுதல் நன்று.

காப்பியின் கதையும் இவ்வூரை ஒட்டியே தொடங்குகின்றது. 1815இல் கண்டியரசு வீழ்ந்தபின், 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவிலே காப்பித் தோட்டம் அமைத்தார். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் தாமும் ஒரு தோட்டத்தைத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து கூலியாட்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாக நடந்த அப்பயணத்தில் நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். அவ்வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடைபயணம் ஒன்றை மேற்கொண்டனர். ஆகவே தொழிலாளர் நூதனசாலை கம்பளையை அடுத்து அமைந்திருப்பது பொருத்தமானதே.

இரு நூதனசாலைகள்

கண்டியிலிருந்து புறப்படுவோர் இங்கு வருமுன் ஹந்தானையிலுள்ள இலங்கைத் தேயிலை நூதனசாலையையும் பார்த்தல் வேண்டும். 1925ஆம் ஆண்டு கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஒன்று திருத்தப்பெற்று 2001ஆம் ஆண்டில் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கொழுந்தை வாட்டும் முறை, உருட்டும் பொறி, உலர்த்தும் சூளை, சலித்துத் தரம் பிரிக்கும் சல்லடை ஆகியவற்றை அங்கே ஒழுங்காகக் கற்கலாம். 1867ஆம் ஆண்டு ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவும் அங்கே போற்றப்படுகின்றது. தேயிலை எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்னும் வினாவுக்கு அது தக்க விடை தருகின்றது.

அந்த 19 ஏக்கரையும் வெட்டித் திருத்திக் கன்று நட்டோர் யாவர் என்னும் வினா எஞ்சுகின்றது. டெயிலர் பிறந்த ஊரும் அவர் 1892இல் மறைந்தபின் அடக்கஞ்செய்யப்பட்ட கண்டி மஹய்யாவைக் கல்லறையும் எல்லோர்க்கும் தெரிந்தவை. அவரோடு நின்ற தொழிலாளரின் பெயரோ ஊரோ பள்ளிநூல்களில் இல்லை. தோட்டத்துக் கணக்கேடுகள் அவர்களை ஆள் தொகையாகவும் கூலித் தொகையாகவுமே எழுதின. ஹந்தானையில் தேயிலையின் வரலாறு உண்டு. பழைய பீக்கொக் தோட்டத்திலே தேயிலைக்கு உழைத்தோரின் வரலாறு உண்டு. இரண்டையும் ஒரே நாளிற் பார்க்கும் மாணவன், ஒரு தொழிலின் வரலாறு எப்பக்கத்திலிருந்து எழுதப்படுகின்றது என்பதைப் பொறுத்து அதிலே இடம்பெறும் பெயர்கள் மாறுவதைத் தானே உணர்வான்.

லயமும் பொருள்களும்

நூதனசாலையின் முதற் காட்சிப்பொருள் அக்கட்டடமே. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறைக்கும் முன்னே சிறு இஸ்தோப்பு. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பரா ஒரு குடும்பத்துக்கு. இதுவே லயத்தின் பொதுவான அமைப்பு. சில லயங்களில் அறைகள் முதுகோடு முதுகாக இரு வரிசையில் அமையும். அத்தகைய அறைக்குப் பின்வாயிலோ பின்சாளரமோ இராது. காப்பிக் காலத்தில், பருவத்துக்கு வந்து மீளும் ஆண்களைத் தங்கவைப்பதற்கு எழுந்த குடியிருப்பு முறை இது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனைப் பறிக்கப் பெண்களும், பெண்களோடு குடும்பங்களும் நிலையாகத் தங்கவேண்டியதாயிற்று. பயிர் மாறியது; குடியிருப்பின் அளவு மாறவில்லை. மலைநாட்டு வாழ்க்கையின் இடர்கள் பலவற்றுக்கு இவ்வொரு செய்தியே வேராகும்.

பொருள்களுள் முதலிற் கருதற்பாலது கொழுந்துக்கூடை. தலையிற் கயிறு மாட்டி முதுகிலே தொங்கவிடும் இக்கூடை இரு கைகளையும் பறித்தற் தொழிலுக்கு விடுவிக்கின்றது. பறிக்கும் மட்டம் ஒழுங்காய் இருத்தற்பொருட்டுச் செடியின்மேல் மட்டக்கம்பு இடப்படும். இடையிற் கட்டும் படங்கு செடியின் கிளைகள் உடலைக் கிழியாது காக்கும். மழைக்கும் குளிருக்கும் உரியது கம்பளி. அண்மைக் காலத்திற் பல தோட்டங்களில் ஒரு நாட்பெயர் பெறுவதற்கு 16 முதல் 20 கிலோ வரை கொழுந்து கேட்கப்பட்டுள்ளது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எனவே 18 கிலோ பறித்த பெண்ணின் ஒரு நாளுழைப்பு 4 கிலோ தூளாகின்றது. கேட்ட அளவு நிறையாதாயின் அரைப்பேர். கூடையின் எடைக்கெனவும் ஈரத்துக்கெனவும் தராசடியிற் கழிக்கப்படுவது நெடுங்காலக் குறை. ஆதலின் தராசைக் காணும் மாணவன் அதனை வெறுங்கருவியென்று கருதலாகாது; உழைப்பவர்க்கும் அளப்பவர்க்கும் இடையே நின்ற நீதிமன்றம் எனக் கருதுதல் வேண்டும்.

தப்பு என்னும் பறையும் அத்தகையதே. விடியற்காலையில் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைத்தது அதன் ஓசை. திருவிழாவுக்கும் இறப்புக்கும் முழங்கியதும் அதுவே. மாசி மாதத்திலே நிகழும் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் மூன்று கூத்துகளும் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளன. தமிழகத்துக் கிராமத்திலிருந்து வந்தோர் தம் தெய்வங்களையும் உடன்கொணர்ந்தனர். இங்குள்ள தொழிலுக்கேற்பப் புதிய தெய்வங்களையும் கண்டனர். தொழிற்சாலைப் பொறியின் சக்கரத்தில் உறையும் ரோதைமுனி அவற்றுள் ஒன்று. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போத்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. முனி தமிழ்க் காவற்றெய்வம். தன் விரலை நசுக்கக்கூடிய பொறிக்கு முன் தேங்காய் உடைத்து வேண்டிய தொழிலாளியின் அச்சமும் பத்தியும் அவ்வொரு பெயரிலே ஒன்றாய்க் கலந்துள்ளன. சமய வரலாறு கற்போர்க்கு இஃது ஓர் அரிய சான்று.

கடதாசியின் கதை

கருவிகளினும் மேலாகக் கருதத்தக்கவை ஆவணங்கள். தோட்டத் தொழிலாளி தென்னிந்தியாவில் தன் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாள்தொட்டு அவன் வாழ்வைக் கடதாசித் துண்டுகளே நடத்தின. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். அப்பணம் தொழிலாளியின் கடனாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரவில்லை ஆட்களுக்கு அளிக்கப்பட்டது. அதனைக் கழுத்திலே கட்டியவன் பெயரால் அன்றி எண்ணால் அறியப்பட்டான். ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குத் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்ப்பவர் இவ்வாட்களை எடுத்துக்கொள்ளலாம் என்பதே துண்டின் பொருள். 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

துண்டு ஒழிந்தபின்பும் கடதாசியின் ஆட்சி ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையிற் பிறந்தவனும் தன் தந்தை இங்கே பிறந்ததை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நாட்டவேண்டியவனானான். லயத்திலே பிறந்து, பதிவின்றி வளர்ந்து, தோட்டம் மாறித் தோட்டம் சென்ற ஒருவனிடம் பாட்டனின் பிறப்புச் சான்று எங்ஙனம் இருக்கும்? 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியக் குடியுரிமைச் சட்டம், மணமானோர்க்கு 7 ஆண்டும் மணமாகாதோர்க்கு 10 ஆண்டும் இடைவிடாத வதிவைச் சான்றுகளோடு காட்டும்படி கேட்டது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்களுட் பெரும்பாலார் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கற்றவராய் நின்றனர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி கையொப்பமான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிர்ந்தது. தாய் இங்கும் மகள் அங்குமாய்ப் பிரிந்த குடும்பங்கள் பல. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே நாடற்றோர் நிலைக்குப் பெரிதும் முடிவு கண்டது. துண்டு ஒழிந்த 1921 முதல் 2003 வரை 82 ஆண்டு. அக்காலமெல்லாம் பெட்டியின் அடியிலே துணியிற் சுற்றி வைக்கப்பட்ட ஒரு கடதாசி, ஒரு குடும்பம் எந்நாட்டில் வாழலாம் என்பதைத் தீர்மானித்தது. நூதனசாலையோடு ஆவணக் காப்பகத்தையும் இணைத்தோர் இவ்வுண்மையை நன்குணர்ந்தே அவ்வாறு செய்தனர் எனல் வேண்டும். கடதாசி இல்லாமையால் இடருற்ற மக்கள் தம் கடதாசிகளைத் தாமே காக்கத் தொடங்கியமை ஒரு பெருமாற்றமாகும்.

சுற்றிலும் விரியும் நாடு

நான்கு சுவர்களுக்குள் அடங்குவது சிலவே. பெரிய நூதனசாலை வெளியே மலைகளில் விரிந்துள்ளது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலே முதலில் வருவது புசல்லாவை. இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில், டெயிலருக்கு 26 ஆண்டு முன்னதாக, 1841இலே சீனத் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன. காப்பி செழித்திருந்த அக்காலத்தில் அம்முயற்சியை எவரும் பெரிதாகப் போற்றவில்லை. 1869இலே இலைநோய் தோன்றிக் காப்பியை அழித்த பின்னரே தேயிலை மலைகளை ஆட்கொண்டது.

மேலே செல்வோர்க்குக் கொத்மலை நீர்த்தேக்கம் தோன்றும். 1985இல் நிறைவுற்ற இதன் அடியிலே பழைய சிங்களக் கிராமங்கள் மூழ்கின. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடு வெளிப்படுவதுண்டு. தோட்டங்கள் எழுந்த காலத்திலும் கண்டிக் கிராமத்தவர் நிலமிழந்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. சான்று காட்டுக என்னும் ஆணை முதலிற் கிராமத்தவனை வருத்தியது. நூறாண்டு கழித்துத் தோட்டத்தவனை வருத்தியது. இரு சாராரின் துயருக்கும் ஊற்று ஒன்றே என்பதை மலைநாட்டு வரலாற்றைக் கற்பிப்போர் மறத்தலாகாது.

பின்னர் றம்பொடை நீர்வீழ்ச்சியும் அநுமன் கோயிலும், அதன்மேல் லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளும், அதற்கப்பால் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலே நுவரெலியாவும் வரும். சுற்றுலாப் பயணிகள் வியந்து படமெடுக்கும் பசுமை இது. அதனிடையே சாம்பற் கூரையோடு நீண்டு கிடக்கும் கட்டடங்களை, நூதனசாலையைக் கண்டு வந்தவன் வேறு கண்ணோடு பார்ப்பான்.

ஹேவாஹெட்டைப் பகுதிக்குச் செல்வோர் லூல்கந்துர தோட்டத்தோடு முல்லோயாத் தோட்டத்தையும் நினைத்தல் தகும். 1940ஆம் ஆண்டு ஜனவரியிலே, கூலி உயர்வு வேண்டி நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தான். தேயிலையின் தொடக்கமும் தொழிலாளர் எழுச்சியின் முதல் உயிர்ப்பலிகளுள் ஒன்றும் ஒரே மலைத்தொடரில் நிகழ்ந்தவை. முன்னதை நாடு அறியும். பின்னதைத் தொழிலாளர் மட்டுமே நெடுங்காலம் நினைவிற் கொண்டிருந்தனர்.

அட்டன் நகரும் அத்தகைய நினைவிடமே. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய ஊர் இது. துரையின் அனுமதியின்றி அயலார் தோட்டத்துட் கால் வைக்கவியலாத அந்நாளில், அவர் வேடம் மாறிப் புடைவை வணிகர்போற் சென்று தொழிலாளரைக் கண்டார் என்பர். அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1885இல் நானுஓயாவை அடைந்த இருப்புப் பாதையிலே அட்டனிலிருந்து மேலே சென்றால் வட்டகொடை வரும். அதற்கு அண்மையிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்திலே 1914இற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைப் பிரதிநிதியாய்ப் பாராளுமன்றம் சென்ற இவர், லயங்களில் வழங்கிய நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் எழுதிவையாதிருந்தால் அவற்றுட் பல பாடினோர் வாயோடு மறைந்திருக்கும். கட்டடம் இல்லாமலே அவர் ஒரு நூதனசாலை அமைத்தார் எனின் மிகையாகாது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இத்தகைய முயற்சி மலைநாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்துக் கடற்கரையில் வம்பனோவாகு என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். 1620ஆம் ஆண்டு மேபிளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர் பிளிமத்தில் குடியேறியபோது, அவ்விடம் பற்றுக்செற் என்னும் அவர்களது ஊராயிருந்தது. அதற்குச் சில ஆண்டு முன்னர்ப் பரவிய கொள்ளைநோயால் அவ்வூர் வெறுமையாகிக் கிடந்தது. குடியேறியோரின் வாழ்க்கையைக் காட்ட 1947இலே அங்கே தொடங்கப்பெற்ற நூதனசாலை, தொல்குடியினர் வாழ்க்கையைக் காட்டும் பகுதியைப் பின்னரே சேர்த்தது. 2020ஆம் ஆண்டில் தன் பெயரிலேயே பற்றுக்செற் என்னும் பழம்பெயரை ஏற்றுக்கொண்டது.

அதற்குத் தெற்கே மாஷ்பி என்னும் ஊரில், 1793ஆம் ஆண்டு கட்டப்பெற்ற சிறு வீடொன்றிலே அக்குடியினர் தமக்கென ஒரு நூதனசாலை நடத்துகின்றனர். அவர்கள் வரலாறும் கடதாசியின் வரலாறே. இழந்த நிலத்துக்காக 1976இல் வழக்குத் தொடுத்தபோது, தாம் ஓர் இனக்குழு என்பதை முதலில் நாட்டும்படி நீதிமன்றம் அவர்களைக் கேட்டது. 1978இலே தீர்ப்பு அவர்களுக்கு எதிராயிற்று. மேலும் பல்லாண்டு ஆவணங்களைத் தேடித் தொகுத்து, 2007ஆம் ஆண்டிலேதான் மத்திய அரசின் ஏற்பைப் பெற்றனர். பழைய பீக்கொக் தோட்டத்து நூதனசாலை பிறந்ததும் அவ்வாண்டே.

மற்றொரு செய்தியும் மாணவர் கவனத்துக்குரியது. வம்பனோவாகு மொழியைப் பேசுவோர் நூறாண்டுக்கு மேலாக எவரும் இலராயிருந்தனர். எனினும் 1663ஆம் ஆண்டு ஜோன் எலியட் என்னும் பாதிரியார் அம்மொழியில் அச்சிட்ட விவிலியமும், அக்குடியினர் தாமே எழுதிய பழைய உறுதிகளும் கடிதங்களும் எஞ்சியிருந்தன. 1993இல் தொடங்கி, ஜெசி லிற்றில் டோ பெயர்ட் என்னும் பெண்மணியார் அவற்றைத் துணைக்கொண்டு அம்மொழியை மீட்டுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நிலைக்குக் கொணர்ந்தார். பயனற்றவை எனக் கிடந்த தாள்கள் ஒரு மொழிக்கு உயிரளித்தன.

இவ்வொப்புமையை அளவறிந்து கொள்ளல் வேண்டும். வம்பனோவாகு மக்கள் தம் மண்ணிலே அயலாராக்கப்பட்டவர். மலைநாட்டுத் தமிழர் உழைக்க அழைத்துவரப்பட்டு, உழைத்த மண்ணிலே அயலாராகக் கருதப்பட்டவர். வந்த வழி வேறு. நின்ற நிலையிலே ஒற்றுமை உண்டு. பிறர் எழுதிய ஏட்டில் எண்ணாக நின்றோர் தம் ஏட்டைத் தாமே எழுத முற்பட்டமை இரு சாரார்க்கும் பொது.

வாழும் லயமும் காட்சி லயமும்

இனி ஒரு தடையை எதிர்நோக்குதல் வேண்டும். மலையகத்திற் பல குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. மக்கள் துன்புற்று வாழும் ஓர் அறையை நூதனசாலையாகப் போற்றுவது முறையோ என வினவுவோர் உளர். லயங்களை இடித்துத் தனிவீடு அமைப்பதே தேவை, அவற்றைப் பாதுகாப்பது தேவையன்று என்பது அவர் வாதம்.

அவ்வாதத்தின் முற்பகுதி மறுக்கவொண்ணாதது. 7 பேர்ச்சஸ் நிலத்திலே தனிவீடு என்னும் திட்டம் சில இடங்களில் நிறைவேறியுள்ளது; எங்கும் நிறைவேறவேண்டும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எவரும் மறக்கவியலாது. ஆயினும் அந்நிகழ்ச்சியே பிற்பகுதிக்கு மறுமொழி தருகின்றது. லயம் புதையும்போது மனிதரோடு அவர் பெட்டியிலிருந்த பத்திரங்களும் படங்களும் புதைகின்றன. புதுவீடு புகும் குடும்பமும் பழைய தட்டுமுட்டுகளோடு தாத்தாவின் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடுகின்றது. எல்லா லயங்களும் ஒழிதல் நன்று. ஒன்றேனும் நிற்றல் அதனினும் நன்று. அவ்வொன்றும் இல்லையாயின், பத்தடி அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்தது என்று சொல்பவனைப் பேரப்பிள்ளைகள் நம்பமாட்டார்.

ஆதலின் நூதனசாலைப் பயணம் ஒரு நாட் சுற்றுலாவோடு முடிதலாகாது. பாடசாலைதோறும் ஒரு சிறு தொகுப்பைத் தொடங்குதல் ஆசிரியர்க்கு அரிதன்று. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு, அவர் பிறந்த தோட்டம், மூதாதையர் புறப்பட்ட ஊர், செய்த தொழில், அறிந்த பாட்டு, ஆடிய கூத்து என்பவற்றை எழுதுதல் கூடும். ஆங்கிலப் பெயர் கொண்ட தோட்டங்களுக்குத் தொழிலாளர் இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்கள் பல உள. அவற்றையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கருவியொன்று கிடைப்பின், அதன் பெயர், பயன், கொடுத்தவர், தோட்டம், தேதி ஆகியவற்றைச் சீட்டெழுதி இணைத்தல் வேண்டும். சீட்டில்லாத பொருள் ஊமை. பத்திரங்களைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவர்க்கே மீட்டளித்தல் வேண்டும். கடதாசியைப் பிறரிடம் கொடுத்து இழந்த மக்களிடம் மறுமுறையும் கடதாசி கேட்பவர் இவ்வொழுங்கைத் தவறலாகாது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இப்போது தெளிவாகும். கொழுந்துக்கூடை அதனைச் சுமந்தவளுக்கு நூதனமன்று. அதனைச் சுமந்தவள் வரலாற்றுக்கு உரியவள் என்று நாடு ஏற்பதே நூதனம். அந்நூதனத்தைக் காணவே தோட்டத்துப் பிள்ளைகளும், தோட்டத்தை அறியாத நகரப் பிள்ளைகளும் அம்மலைச்சாரலுக்குச் செல்லுதல் வேண்டும். மலைநாட்டில் எவரும் லயத்தில் வாழாத நாளொன்று வரும்போது, பழைய பீக்கொக் தோட்டத்து லயம் காண்பார் அனைவர்க்கும் உண்மையாகவே நூதனசாலையாய் விளங்கும். அந்நாளை விரைவிற் கொணர்வது இன்றைய தலைமுறையின் கடனாகும்.